படியெடுத்தலும் பாதுகாத்தலும்: வீட்டுக் கணினியின் வன்தட்டு முழுமைக்கும் காப்புப்படி எடுத்தல் பற்றிய ஒரு விளக்கம்

1

தமிழ் நூல்களின் வரலாறு ஒருவகையிற் படியெடுத்தலின் வரலாறே எனலாம். வெப்பமும் ஈரலிப்பும் கறையானும் மிகுந்த சூழலில் ஓலைச்சுவடியின் ஆயுள் வரையறைக்குட்பட்டது. உரிய காலத்திற் புதிய ஓலையிற் படியெடுக்கப்பட்ட நூல் வாழ்ந்தது. எடுக்கப்படாத நூல் மறைந்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபோது செய்தது, சிதையும் நிலையிலிருந்த படிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பல நூறு படிகளாகப் பெருக்கியமையே. இதற்கு மறுதலையான அனுபவமும் நமக்குண்டு. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படியிருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. படியில்லாத சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளவேயில்லை.

இன்று நமது ஆய்வேடுகள், களப்பணிக் குறிப்புகள், ஒலிப்பதிவுகள், புகைப்படங்கள் என்பவற்றிற் பெரும்பகுதி வீட்டுக் கணினியின் வன்தட்டு ஒன்றிலேயே தங்கியுள்ளது. மலையகத் தோட்டங்களில் முதியோர் பாடிய பாடல்களை ஈராண்டுகளாக ஒலிப்பதிவு செய்த நண்பர் ஒருவரின் வன்தட்டு ஒருநாட் காலையில் இயங்க மறுத்தது. எழுதிய இயல்களை அவர் மீண்டும் எழுதினார். பாடியவருட் சிலர் அதற்குள் காலமாகிவிட்டமையால் அப்பாடல்களை மீண்டும் பதிவு செய்தல் இயலாதாயிற்று. எழுத்தாளனின் உழைப்பை மீளச் செலவிடலாம். தகவலாளியின் குரலை மீளப் பெறவியலாது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே வன்தட்டு முழுமைக்கும் காப்புப்படி எடுக்கும் முறையினை இக்கட்டுரை விளக்க முனைகின்றது.

2

வன்தட்டு ஏன் பழுதடைகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். காந்த வன்தட்டில், வீட்டுக் கணினிகளிற் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேலே, தலைமயிரின் தடிப்பினும் ஆயிரக்கணக்கான மடங்கு சிறிய இடைவெளியில், வாசிக்கும் முனை மிதந்து செல்கின்றது. ஓர் அதிர்ச்சியால் முனை தட்டில் உராயுமாயின் அவ்விடத்துத் தரவுகள் அழிந்துபோகும். அசையும் உறுப்புகளற்ற திண்மநிலைத் தட்டுகளில் இவ்வபாயம் இல்லை. ஆயினும், அவை பெரும்பாலும் முன்னறிவித்தலின்றியே செயலிழக்கின்றன. அவற்றில் அழிக்கப்பட்ட கோப்பின் இடம் விரைவிலேயே வெறுமையாக்கப்படுவதால், தவறுதலாக அழித்ததை மீட்பதும் கடினம். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை அனுபவித்தோருக்கு, எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை. இவற்றோடு களவு, தீ, வெள்ளம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கோரும் தீநிரல்கள் என்பனவும் உள்ளன. எல்லாவற்றினும் சாதாரணமானது பயன்படுத்துவோரின் கைத்தவறு.

3

காப்புப்படி இருவகைப்படும். முதலாவது கோப்புக் காப்பு. அதாவது, நாம் உருவாக்கிய கட்டுரைகள், படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை மட்டும் வேறிடத்திற் படியெடுத்தல். இரண்டாவது முழுக் காப்பு. இயக்க முறைமை, மென்பொருள்கள், அமைப்புகள், எழுத்துருக்கள், கோப்புகள் யாவும் அடங்க, வன்தட்டினை அதன் பிரிவுகளுடன் ஒரு படிமமாக எடுத்துவைத்தல்.

முழுக் காப்பின் பயன் இரண்டு. தட்டுப் பழுதடைந்தால், புதிய தட்டில் அப்படிமத்தை மீளப் பதித்தவுடன் கணினி முன்னிருந்த நிலைக்குத் திரும்பும். மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவ வேண்டியதில்லை. மற்றைய பயன் தமிழில் எழுதுவோருக்குச் சிறப்பாகப் பொருந்துவது. யூனிகோட் பரவலாவதற்கு முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே பலர் தட்டச்சுச் செய்தனர். அக்கோப்பினை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பினை மட்டும் காத்து எழுத்துருவைக் கைவிட்டவர், ஏட்டைக் காத்து அதனைப் படிக்கும் வழியைக் கைவிட்டவர் ஆவார். முழுப் படிமம் இரண்டையும் ஒருங்கே காக்கின்றது.

எனினும் முழுக் காப்பு கோப்புக் காப்பினைத் தேவையற்றதாக்கிவிடாது. படிமத்தைத் திறக்க, அதை உருவாக்கிய மென்பொருளே பெரும்பாலும் வேண்டப்படும். எனவே முக்கிய கோப்புகளின் சாதாரண படியொன்றும் தனியே இருத்தல் நன்று.

4

வன்தட்டும் காப்பும் ஒன்றாகவே வளர்ந்தவை. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகஞ் செய்த முதலாவது வன்தட்டுத் தொகுதி, ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தும் 50 இலட்சம் எழுத்துருபுகளையே கொண்டது. அந்நிறுவனம் 1983இல் வெளியிட்ட தனியாள் கணினியின் வன்தட்டு 10 மெகாபைற்றுக் கொள்ளளவுடையது. அதனை 360 கிலோபைற்று நெகிழ்தட்டுகளிற் காப்பெடுப்பதாயின் ஏறத்தாழ 29 நெகிழ்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றவேண்டியிருந்தது. அன்று பலர் காப்பெடுக்காமைக்கு அலுப்பு ஒரு நியாயமான காரணமாயிற்று.

இன்று அந்நியாயம் இல்லை. ஒரு தெராபைற்றுத் தரவினைச் செக்கனுக்கு 100 மெகாபைற்று வேகத்தில் வெளித்தட்டொன்றிற் படியெடுக்கச் சுமார் 2 மணி 47 நிமிடம் செல்லும். பழைய இணைப்பின் வழியே 30 மெகாபைற்று வேகத்திலாயின் 9 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதே தரவினைச் செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகத்தில் இணையவழி ஏற்றுவதாயின் 9 நாட்களுக்கு மேலாகும். முழுக் காப்புக்கு வெளித்தட்டும், அன்றாடக் கோப்புகளுக்கு இணையமும் பொருத்தமானவை என்பது இக்கணக்கினாற் பெறப்படும்.

5

இனிச் செய்முறையினை நோக்குவோம். மக்கின்ரோஷ் கணினிகளில் 2007 முதல் 'ரைம் மெஷின்' என்னும் காப்பு மென்பொருள் உடனிணைக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் கணினிகளில் விண்டோஸ் 7 காலத்துப் படிமக் கருவி தொடர்ந்து இடம்பெற்றபோதிலும், 2017இலேயே அது கைவிடப்படவுள்ளவற்றின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. ஆதலால், விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் பயன்படுவதும் விலையற்றதும் கட்டற்றதுமான குளோன்சில்லா என்னும் மென்பொருளை இங்கு எடுத்துக்கொள்வோம். இது தாய்வானின் தேசிய உயர்செயற்றிறன் கணிமை நிலையத்தில் உருவாக்கப்பட்டது.

முதலாவதாக, கணினியிற் பயன்பட்டுள்ள இடத்தினும் கூடிய கொள்ளளவுள்ள வெளித்தட்டு ஒன்று வேண்டும். குளோன்சில்லா வழமையான கோப்பு முறைமைகளிற் பயன்பட்ட பகுதிகளை மட்டுமே படியெடுத்துச் சுருக்குவதால், 500 கிகாபைற்றுத் தட்டில் 200 கிகாபைற்றே நிரம்பியிருப்பின் படிமம் பொதுவாக 200 கிகாபைற்றுக்குள் அடங்கும். மறைகுறியாக்கப்பட்டுத் திறக்கப்படாத தட்டாயின் இச்சலுகை கிடையாது. தட்டு முழுவதும் அப்படியே படியெடுக்கப்படும்.

இரண்டாவதாக, குளோன்சில்லாவை யூ.எஸ்.பி. நினைவகம் ஒன்றில் இறக்கி, அந்நினைவகத்திலிருந்தே கணினியைத் தொடக்குதல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையின் கோப்புகள் ஒவ்வொரு கணமும் மாறுவன. ஓடும் ஆற்றினைப் படம் வரைவதினும் தேங்கிய குளத்தினைப் படம் வரைவது எளிது. விண்டோஸ் பயன்படுத்துவோர் அதற்குமுன் கணினியை முழுமையாக நிறுத்தல் வேண்டும். 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதி இயங்கினால், வழமையான நிறுத்தம் ஒருவகை உறக்கமே. ஷிப்ட் விசையை அழுத்தியவாறு நிறுத்தினால் முழு நிறுத்தம் நிகழும்.

மூன்றாவதாக, தட்டு முழுவதையும் படிமமாகச் சேமித்தல் என்னும் தெரிவினைத் தேர்ந்து, படிமம் தங்கவேண்டிய வெளித்தட்டினையும் படியெடுக்கப்பட வேண்டிய உள்தட்டினையும் சுட்டுதல் வேண்டும். மிகுந்த அவதானம் வேண்டப்படும் இடம் இதுவே. மூலமும் படியும் இடம் மாறுமாயின் வெறுமை வந்து முழுமையை அழித்துவிடும். தட்டுகளின் கொள்ளளவும் உற்பத்தியாளர் பெயரும் திரையிற் காட்டப்படும். அவற்றை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பின்னரே இசைவளித்தல் வேண்டும்.

நான்காவதாக, படிமம் மீட்கத்தக்கதா எனச் சோதிக்கும் தெரிவினை ஏற்றல் வேண்டும். இது கூடுதல் நேரத்தைக் கொள்ளும். ஏடு பெயர்த்தெழுதுவோர் மூலத்தோடு படியினை ஒப்புநோக்கியதற்கு நிகரான பணி இது. மீட்கும்போது, புதிய தட்டு பழைய தட்டினும் கொள்ளளவிற் குறையாததாயிருத்தல் வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்தாவதாக, விண்டோஸ் தட்டு மறைகுறியாக்கப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் காகிதத்தில் எழுதி வேறாக வைத்தல் வேண்டும். அத்திறவுகோல் அதே கணினியில் மட்டும் இருப்பின், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதாக முடியும்.

முழுக் காப்பினை ஒவ்வொரு நாளும் எடுத்தல் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், முறைமையிற் பெரும் மாற்றஞ் செய்வதற்கு முன்னரும் எடுத்தல் போதுமானது. இடைக்காலத்தில் மாற்றமடைந்த கோப்புகளை மட்டும் காப்பெடுத்தல் தகும். முந்திய காப்புக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது ஏறுமுறைக் காப்பு. இறுதி முழுக் காப்புக்குப் பின் மாறிய யாவற்றையும் எடுப்பது வேறுபாட்டுக் காப்பு. முன்னையது இடத்தைச் சிக்கனப்படுத்தும். பின்னையது மீட்டலை எளிதாக்கும்.

6

எத்தனை படிகள், எங்கே என்பது அடுத்த வினா. புகைப்படக் கலைஞரான பீற்றர் குறோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இவ்விடத்துப் பயன்படும். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள்; இருவகை ஊடகங்கள்; ஒரு படி வேறிடத்தில். இவ்விதியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பின்னால் ஓர் இழப்பின் பாடம் உண்டு.

2023இல் இலங்கை அரசின் முகிற் கணிமைத் தொகுதி பணம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டது. இணைப்பிலிருந்த காப்புகளும் அத்தாக்குதலுக்கு உட்பட்டன. இணைப்பறுத்து வைத்த படியில்லாமையால், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. காப்பெடுத்து முடிந்தவுடன் வெளித்தட்டினைக் கழற்றிவைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது, மூலத்தையும் காப்பினையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர்.

மாறான நிகழ்ச்சியொன்றும் குறிப்பிடத்தக்கது. 1998இல் 'ரோய் ஸ்ரோரி 2' திரைப்படத் தயாரிப்பின்போது, தவறான கட்டளையொன்றினாற் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. நிறுவனத்தின் காப்புமுறை சரியாக இயங்கவில்லை என்பது அதன் பின்னரே தெரியவந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கலின் சுஸ்மனின் வீட்டுக் கணினியிலிருந்த படியே படத்தை மீட்க உதவியது. பெருநிறுவனத்தின் ஏற்பாடு தவறியவிடத்து, வேறிடத்திலிருந்த ஒரு சாதாரண படி காத்தது.

இவ்விடத்து ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். முகிற் சேமிப்பில் கோப்புகளை ஒத்தியங்கச் செய்தல் காப்பெடுத்தல் ஆகாது. இங்கு அழித்தால் அங்கும் அழியும். சில சேவைகள் பழைய வடிவங்களைக் குறித்த காலம் வைத்திருப்பினும், அக்காலத்தைத் தீர்மானிப்பவர் நாமல்லர்.

7

இதுவரை தொழில்நுட்பம் பற்றிக் கூறினோம். இதற்கொரு சமூகப் பக்கமும் உண்டு. நமது நினைவுகளைப் பிறநாட்டு நிறுவனங்களின் சேமிப்பகங்களிடம் ஒப்படைப்பது வசதியானதே. ஆயின் அவற்றின் நிபந்தனைகளையும் கட்டணங்களையும் ஆயுளையும் நிர்ணயிப்பது இலாப நோக்காகும். 'மைஸ்பேஸ்' தளத்தில் 2015 வரை மக்கள் ஏற்றிய பல இலட்சக்கணக்கான பாடல்கள் இழக்கப்பட்டமை 2019இல் வெளிவந்தது. அவற்றை ஏற்றியோர் அத்தளத்தையே தமது காப்பகமாகக் கருதியிருந்தனர்.

மறுபுறத்தில், வெளித்தட்டொன்றின் விலை நமது மாணவர் பலருக்குச் சிறிய தொகையன்று. காப்பெடுத்தலைத் தனியாளின் ஒழுக்கமாக மட்டும் கருதிக் கண்டித்தல் இக்காரணத்தாற் போதாது. துறைதோறும் பொதுவான காப்புத் தட்டுகளை வாங்கிவைத்தல், ஆய்வு மாணவர் தமது களப் பதிவுகளின் ஒரு படியினை அங்கு சேர்த்தல், வெளியிடத்தக்கவற்றை 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுக்கு வழங்குதல் என்பன கூட்டாகச் செய்யத்தக்கவை. தகவலாளிகளின் அந்தரங்கம் அடங்கிய பதிவுகளை மறைகுறியாக்கி, அவர்தம் சம்மதத்தின் எல்லைக்குள் வைத்தல் அத்துடன் இணைந்த கடமையாகும்.

இறுதியாக ஒன்று. மீட்டுப் பார்க்கப்படாத காப்பினை நம்பவியலாது. ஆண்டுக்கொரு முறையேனும் படிமத்திலிருந்து வேறொரு தட்டுக்கு மீட்டு, ஒரு கோப்பினைத் திறந்து வாசித்தும், ஒரு பதிவினை ஒலிக்கவிட்டும் பார்த்தல் வேண்டும். ஏடுகளைக் காத்தோர் அவற்றை அவ்வப்போது அவிழ்த்துத் துடைத்து எண்ணெய் பூசினர். அவர்கள் அடுத்த தலைமுறைக்குச் செய்த அப்பணியினை நாமும் செய்தல் வேண்டும். நண்பரின் வன்தட்டோடு மறைந்த குரல்களைப்போல் இன்னுஞ் சில குரல்கள் நம் ஒவ்வொருவரின் கணினியிலும் இப்போதும் ஒற்றைப் படியாகவே இருக்கின்றன.