தொட்டுப் பாருங்கள், பிறகு மருந்து அடியுங்கள்!

சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். செம்பருத்தி இலைகள் கரி பூசியதுபோல் இருந்தன. கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சாணக்கொல்லியை மூன்று முறை தெளித்தும் கருப்பு போகவில்லை என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். ஓர் இலையைப் பறித்து விரலால் தேய்த்தேன். கருப்பு விரலோடு வந்துவிட்டது. அதன் அடியில் இலை பச்சையாகவே இருந்தது. கிளை நுனியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக மாவுப்பூச்சிகள், அவற்றை நோக்கி ஏறும் எறும்பு வரிசை.

மாவுப்பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். அதன்மேல் வளர்வதுதான் கரும்படலம். இதுவும் பூஞ்சாணமே என்றாலும் இலைக்குள் நுழையாது. பூச்சியை ஒழித்தால் படலம் தானாக உதிரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் போதும். எறும்புப் புற்றையும் அகற்ற வேண்டும்.

விரலே முதல் பரிசோதனை

அழகுச் செடிகளில் வரும் முக்கிய நோய்களை விரலால் தேய்த்தே ஓரளவு பிரித்தறியலாம்.

* வெள்ளைச் சாம்பல் தூவியதுபோல் இருந்து, தேய்த்தால் அழிகிறதா? அது சாம்பல் நோய். ரோஜாவின் இளந்தளிர், மொட்டு, காம்பில் முதலில் தெரியும். தளிர் சுருளும், மொட்டு சரியாக விரியாது.

* இலையின் மேற்புறம் வட்டமான கரும்புள்ளி, ஓரம் சிதைந்து மை கசிந்ததுபோல் உள்ளதா? தேய்த்தாலும் போகவில்லையா? அது ரோஜாவின் கரும்புள்ளி நோய். அடி இலைகளில் தொடங்கி, புள்ளியைச் சுற்றி மஞ்சளாகி, இலை உதிரும்.

* இலையின் அடிப்புறத்தைத் தேய்த்தால் ஆரஞ்சு அல்லது பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? அது துரு நோய். பெருமாள் அரளியிலும் சாமந்தியிலும் வரும்.

* கவாத்து செய்த இடத்திலிருந்து குச்சி கறுத்துக் கீழ்நோக்கிக் காய்கிறதா? அது நுனிக்கருகல் நோய்.

புள்ளியோ பொடியோ இல்லாமல் இலை வெறுமனே மஞ்சளாகிறது என்றால் சத்துக் குறைவாகவோ வேரில் தண்ணீர் தேங்குவதாகவோ இருக்கலாம். அதற்குப் பூஞ்சாணக்கொல்லி வீண் செலவு.

மலைச்செடி அடிவாரம் வரும்போது

ஆடி 17, 18-ல் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் மலர்க் கண்காட்சியும் உண்டு. போய்வருபவர்களுக்குச் செடி வளர்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலையின் சூழல் வேறு, அடிவாரத்தின் சூழல் வேறு.

கரும்புள்ளிப் பூஞ்சாணம் முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மூடுபனியும் சாரலும் உள்ள மலையில் இது எளிதில் நடக்கும். அடிவாரத்திலோ நாமே அந்த ஈரத்தை உண்டாக்குகிறோம். மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றினால் இலை இரவு முழுவதும் காயாது. எனவே காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். தண்ணீர் தெறிக்கும்போது அதிலிருந்துதான் நோய் மேலே ஏறுகிறது.

சாம்பல் நோய் இதற்கு நேர்மாறு. இலை நனைந்திருக்கத் தேவையில்லை, காற்றிலேயே பரவும். பகலில் வறட்சி, இரவில் குளிர் என்றிருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. மழைக்காலத்து மருந்தையே பழக்கத்தில் பனிக்காலத்திலும் தெளிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரமாவது மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைத்துக் கவனியுங்கள்.

எதற்கு எந்த மருந்து?

கரும்புள்ளி: நோயுற்ற இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேங்கோசெப் அல்லது 1 கிராம் கார்பன்டசிம் கலந்து இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கவும். கார்பன்டசிம்மை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும். மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும்.

சாம்பல் நோய்: லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம். உச்சி வெயிலிலும் கோடையிலும் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இந்நோய்க்கு முன்பு சொல்லப்பட்டு வந்த டினோகாப் மருந்துக்கு 2023-ல் மத்திய அரசு தடை விதித்துவிட்டது. பழைய குறிப்பேட்டைப் பார்த்து அதைத் தேட வேண்டாம்.

துரு நோய்: பொடி தெரியும் இலைகளைப் பறித்து அழித்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் தெளிக்கவும்.

நுனிக்கருகல்: காய்ந்த பகுதிக்குக் கீழே நல்ல பச்சைக் குச்சியையும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டவும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவவும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினால் பசை தயார். பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்தவும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது அவசியம்.

வீட்டுச் செடி என்பதை மறவாதீர்கள்

வயலில் மருந்து அடிக்கும்போது முகத்தை மூடிக்கொள்பவர்கள்கூட வீட்டு வாசலில் வெறுங்கையோடு தெளிக்கிறார்கள். கையுறை, முகக்கவசம் அணிந்து, குழந்தைகளும் கோழிகளும் இல்லாத நேரத்தில் தெளிக்கவும். விரிந்த பூக்களை முதலிலேயே பறித்துவிடவும். மருந்து தெளித்த ரோஜா இதழை குல்கந்து செய்யவோ சாப்பிடவோ கூடாது.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? நோயுற்ற இலையோடு கிளையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ செல்லுங்கள். இலையைக் காட்டாமல் "செடி கறுத்துப் போச்சு, மருந்து கொடுங்க" என்று கடையில் கேட்டால், அந்தச் செம்பருத்திக்கு நேர்ந்ததுதான் உங்கள் செடிக்கும் நேரும்.