பெயரும் குறியீடும்

ஓரிடத்தின் ஐந்து நாள் மழையளவில் மூன்று நாள்களுக்கு 10, 20, 30 மில்லிமீட்டர் எனப் பதிவாகியுள்ளது. கருவி பழுதுற்றதால் எஞ்சிய இரு நாள்களுக்குப் பதிவில்லை. சராசரி என்ன? பதிவுள்ள நாள்களை மட்டும் கணக்கிட்டால் 20. பதிவற்ற நாள்களைச் சுழியமெனக் கொண்டால் 12. இவ்விரு வழியில் கணக்கிடும் இரு நிரல்களுக்கும் 'சராசரி' என்றே பெயர் இருந்தால், முடிவு எதனால் விளைந்தது என்று எங்ஙனம் அறிவது?

தரவைப் படித்தல், பிழை நீக்கல், கணக்கிடல், வரைபடமாக்கல் ஆகிய ஒவ்வொரு படியையும் ஒரு கூறாக அமைத்து, ஒன்றன் வெளியீட்டை மற்றொன்றன் உள்ளீடாகக் கோப்பது அறிவியல் பணிப்பாய்வு மென்பொருள். 2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கெப்ளர் திட்டம் இதற்குத் தக்க சான்று. பெர்க்லியில் உருவான தாலமி என்னும் மென்பொருளின்மீது இது கட்டப்பட்டது. (புவியை நடுவில் வைத்த தாலமியின் கொள்கையிலிருந்து விலகியவர் வானியலறிஞர் கெப்ளர்; மென்பொருளிலோ கெப்ளரைத் தாங்கி நிற்பவர் தாலமி!) இதன் கூறுகளை 'நடிகர்' என்றும், அவை இயங்கும் ஒழுங்கை வகுப்பதை 'இயக்குநர்' என்றும் வழங்குவர்.

கெப்ளரில் ஒவ்வொரு கூறும் எல்.எஸ்.ஐ.டி. எனப்படும் உயிர் அறிவியல் அடையாளக் குறியீட்டைப் பெறுகிறது. வழங்கும் அமைப்பு, அது வகுத்த பிரிவு, பொருளுக்குரிய எண், திருத்த எண் என்பன அதன் உறுப்புகள். இரண்டு ஆய்வகங்கள் தத்தம் கூறுகளுக்கு 1, 2, 3 என எண்ணிட்டாலும், அமைப்பின் பெயர் வேறாதலின் குழப்பம் நேராது. இவற்றுள் திருத்த எண்ணே உயிர்நாடி எனலாம். குறியீடு பெற்ற பொருளில் ஓர் எழுத்தும் மாறலாகாது. மாறினால் புதிய திருத்த எண் இடவேண்டும். முன்பு 20 எனக் காட்டிய கூறு திருத்தத்திற்குப் பின் 12 எனக் காட்டக்கூடும். எந்தத் திருத்தம் பயன்பட்டது என்பது பதிவாகியிருந்தால்தான், பின்னாளில் அவ்வாய்வை மீண்டும் செய்பவர் முந்தைய விடையைச் சரிபார்க்க இயலும்.

வழங்கும் அமைப்பு இன்றியும் குறியீடு ஆக்கலாம். 128 பிட் நீளமுடைய யூயூஐடி முறையின் நான்காம் வகையில் 122 பிட்டுகள் குருட்டாம்போக்கில் தெரிவு செய்யப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கக்கூடிய குறியீடுகளின் எண்ணிக்கையை எழுத 37 இலக்கங்கள் வேண்டும். ஆகவே, இரண்டு குறியீடுகள் ஒன்றாக அமைவது நடைமுறையில் நிகழாது எனக் கொள்வர்.

தமிழ் இலக்கணம் பெயரை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். மரம் இடுகுறிப்பெயர்; நாற்காலி காரணப்பெயர். கூறின் குறியீடு இடுகுறியாக இருத்தலே நன்று. 'மழைச் சராசரி' எனப் பொருள்படக் குறியீடு அமைத்தால், அக்கூறு வெப்பநிலைக்கும் பயன்படும் நாளில் குறியீட்டை மாற்றத் தோன்றும். மாற்றினாலோ பழைய பதிவுகள் சுட்டும் பொருளை இழக்கும். திரையில் மனிதர் படிக்கும் பெயர் காரணப்பெயராக இருக்கலாம். அதனை எப்போது மாற்றினும் தீங்கில்லை.

ஒரே கூறு ஒரு பணிப்பாய்வில் இருமுறை வருவதும் உண்டு. அப்போது கூறின் குறியீடு ஒன்றே. அது நிற்கும் இடங்களுக்கோ தனித்தனி அடையாளம் தேவை. இல்லையேல், பிழையான எண் எவ்விடத்தில் தோன்றியது என்பதை இயக்கப் பதிவேடு காட்டாது.

குறியீடு எஞ்சியிருந்து, அது சுட்டும் கூறு கிடைக்காமற் போவதும் நேரலாம். கெப்ளரில் பணிப்பாய்வையும் அதன் கூறுகளையும் 'கார்' எனப்படும் ஒரே கோப்பாகத் தொகுத்துப் பிற ஆய்வாளருக்கு அனுப்ப வழியுண்டு.