உங்கள் கணக்கு எந்த வட்டில் இருக்கிறது?

தானியங்கிப் பணப்பொறியின் முன் நிற்கிறீர்கள். அட்டையைச் செருகி இரகசிய எண்ணை அழுத்தியதும் திரையில் இருப்புத் தொகை தோன்றுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே விவரத்தை அறியக் கிளைக்குச் செல்ல வேண்டும். எழுத்தர் தடித்த பேரேட்டைப் புரட்டும் வரை முகப்பில் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் "என் கணக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தால், பேரேட்டின் பக்கத்தையே விரல் வைத்துக் காட்டியிருப்பார்கள். 1984ஆம் ஆண்டிலும் 1989ஆம் ஆண்டிலும் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் அளித்த அறிக்கைகள் இந்திய வங்கிகள் கணினிமயமாக வழிவகுத்தன. அதன்பின் அந்தப் பேரேடு மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இன்று அதே கேள்வியைக் கேட்டால், "ஒரு குறிப்பிட்ட வட்டில்" என்று எவராலும் விடை கூற இயலாது. உங்கள் கணக்கு ஒரே வட்டில் இல்லை. பல வட்டுகளில் பரவிக் கிடக்கிறது. அவற்றுள் ஒன்று இன்றிரவே பழுதானாலும் நாளைக் காலை உங்கள் இருப்பில் ஒரு காசும் குறையாது. இது எவ்வாறு இயலுகிறது என்பதையும், இந்த ஏற்பாட்டின் எல்லை எது என்பதையும் அறிந்துகொள்வது, சொந்தத் தொழிலின் கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

பழுதாவது வட்டின் இயல்பு

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமக் கணினியின் வட்டு அமைப்பில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்வட்டு பல டெராபைட் தரவைக் கொள்கிறது. ஒன்று மட்டும் மாறவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறையோ அதற்கு மேலோ ஓய்வின்றிச் சுழலும் இயந்திரம் என்றேனும் ஒருநாள் நின்றே தீரும். சுழலும் பாகம் இல்லாத திண்மநிலை வட்டுகளும் இதற்கு விலக்கல்ல. எழுத எழுத அவையும் தேய்கின்றன.

1988ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பெருங்கணினிகளுக்கான விலை உயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக, தனிக்கணினிகளுக்கான மலிவான சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்க்கலாம் என்பது அவர்களது கருத்து. வேகம் கூடும், செலவு குறையும். ஆனால் ஓர் இடர் உண்டு. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணிநேரம் உழைக்கும் எனக் கொண்டால், அது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். அதே வட்டுகள் நூற்றைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணிநேரத்துக்கு ஒருமுறை பழுதாகும். அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவு. வட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. ஆகவே, பழுதைத் தடுக்க முயல்வதைவிட, பழுது நேர்ந்தாலும் தரவு தப்பும்படி அமைப்பதே அறிவுடைமை என அவர்கள் முடிவு செய்தனர்.

அந்த அமைப்புக்கு அவர்கள் சூட்டிய பெயர் ரெய்டு. அச்சொல்லைக் கேட்டதும் வாடிக்கையாளர்களுக்கு வருமான வரித் துறை நினைவுக்கு வரலாம்; அஞ்ச வேண்டாம். 'மலிவான வட்டுகளின் மிகைகாப்பு அணிவரிசை' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. பின்னாளில் 'மலிவான' என்ற சொல்லை நீக்கி 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். பெரு நிறுவனங்களுக்கு விற்கப்பட்ட அணிவரிசைகள் மலிவாக இருக்கவில்லை என்பதை எண்ணினால் மாற்றம் பொருத்தமானதே.

கூட்டுத்தொகை காக்கும் கணக்கு

ரெய்டில் பல வகைகள் உண்டு. எளியது கண்ணாடிப் பிரதி முறை. ஒவ்வோர் எழுத்தும் ஒரே நேரத்தில் இரு வட்டுகளில் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். பாதுகாப்பானது, ஆனால் வாங்கிய இடத்தில் பாதிதான் பயன்படும்.

இரண்டாவது முறை கணக்கு எழுதுவோர் நன்கறிந்த உத்தியை ஒத்தது. ஒரு பக்கத்தில் 4, 7, 2 என மூன்று தொகைகளும், அடியில் கூட்டுத்தொகை 13 என்றும் எழுதியிருக்கின்றன. நடுத் தொகையின் மீது மை கொட்டிவிட்டது. கவலையில்லை, 13இலிருந்து 4ஐயும் 2ஐயும் கழித்தால் 7 கிடைத்துவிடும். மூன்று எண்களைக் காக்க மூன்று படிகள் தேவைப்படவில்லை. ஒரே ஒரு கூட்டுத்தொகை போதுமானதாயிற்று.

கணினி கூட்டுவதற்குப் பதில் ஒற்றை இரட்டை பார்க்கிறது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. எனவே நான்காம் வட்டில் 0 எழுதப்படும். ஒற்றைப்படையாக இருந்திருந்தால் 1 எழுதி இரட்டையாக்கும். இதற்குப் பாரிட்டி என்று பெயர். எந்த வட்டு போனாலும் எஞ்சியவற்றில் உள்ள ஒன்றுகளை எண்ணி, இரட்டைப்படைக்குக் குறைவது எது என்று பார்த்தால் இழந்தது தெரிந்துவிடும். ஐந்தாம் வகை ரெய்டில் இந்தப் பாரிட்டி ஒரே வட்டில் குவியாமல், ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறப்பதுபோல, எல்லா வட்டுகளுக்கும் மாறிமாறிப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. 4 டெராபைட் வட்டுகள் ஐந்து இருந்தால் 16 டெராபைட் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். ஒரு வட்டின் அளவே காப்புக்குச் செலவாகும்.

இச்சிக்கனத்துக்கும் விலை உண்டு. ஒரு சிறு எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிறது. ஆகவே நொடிதோறும் பதிவுகள் மாறும் தரவுத்தளங்களுக்குக் கண்ணாடிப் பிரதியையும், அதிகம் படிக்கப்பட்டு அரிதாக மாற்றப்படும் ஆவணங்களுக்குப் பாரிட்டி முறையையும் தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம்.

வட்டுக் குழுவிலிருந்து தருக்கத் தொகுதி வரை

பெரு நிறுவனத்தின் வட்டு அணிவரிசை, அடுக்கடுக்காக வட்டுகள் செருகப்பட்ட அலமாரி. அதன் மூளையாக இரண்டு கட்டுப்பாட்டுப் பொறிகள் இருக்கும். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும். இவை முதலில் சில வட்டுகளைச் சேர்த்து ஒரு ரெய்டு குழு அமைக்கின்றன. அக்குழுவின் மொத்த இடத்தை வேண்டிய அளவுகளில் பிரித்து எண்ணிடுகின்றன. அவ்வாறு பிரித்த ஒவ்வொரு பங்கும் லாஜிக்கல் வால்யூம், அதாவது தருக்கத் தொகுதி. ஒரு சேவையகக் கணினிக்கு அளிக்கப்படுவது இத்தொகுதியே. அச்சேவையகம் அதனை ஒரு முழு வட்டு என்றே நம்புகிறது. அடியில் எத்தனை வட்டுகள் உள்ளன என்பதை அது அறியாது.

இது வங்கி வாடிக்கையாளருக்குப் புதிய கருத்தன்று. நீங்கள் செலுத்திய நோட்டுக் கட்டு உங்கள் பெயர் எழுதிய அலமாரியில் தனியே வைக்கப்படுவதில்லை. அது பொதுப் பெட்டகத்தில் கலந்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது கணக்கு எண்ணும், அதற்குரிய தொகையைப் பெறும் உரிமையும்தான். வட்டுகள் பெட்டகம் என்றால் தருக்கத் தொகுதியே கணக்கு. மற்றவர் கணக்கை நீங்கள் காண முடியாததுபோல, ஒரு சேவையகத்தின் தொகுதி மற்றொரு சேவையகத்தின் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும்.

ஒப்புமை இன்னும் நீள்கிறது. வங்கி பலருக்குக் கடன் வரம்பு அனுமதிக்கிறது. அனைவரும் ஒரே நாளில் முழுத் தொகையையும் எடுப்பதில்லை என்பது அனுபவம். அதுபோலவே அணிவரிசையும் ஒரு தொகுதிக்குப் 10 டெராபைட் என்று வரம்பு காட்டி, எழுதப்பட்ட அளவுக்கு மட்டும் உண்மையான இடத்தை ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. எல்லாரும் ஒருசேரக் கேட்டால் வங்கிக்கு நேரும் நெருக்கடி இதற்கும் நேரும். எனவே எஞ்சிய இடத்தைப் பொறுப்பாளர்கள் நாள்தோறும் கண்காணிக்கிறார்கள்.

ஒரு வட்டு நிற்கும் இரவு

நள்ளிரவில் ஒரு வட்டு நின்றுபோகிறது. வாடிக்கையாளர் எவரும் அதை உணர்வதில்லை. கட்டுப்பாட்டுப் பொறி, காத்திருக்கும் மாற்று வட்டை உடனே பணியில் இறக்கி, எஞ்சிய வட்டுகளைப் படித்து, இழந்த தரவைக் கணக்கிட்டு எழுதத் தொடங்குகிறது.

ஆபத்தான காலம் இதுதான். 20 டெராபைட் வட்டு ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஒரு இலட்சம் நொடிகள், அதாவது ஏறத்தாழ 28 மணிநேரம் வேண்டும். அன்றாடப் பணியும் நடந்தபடி இருந்தால் மேலும் நீளும். அதற்குள் அதே குழுவில் இரண்டாவது வட்டும் நின்றால், ஒரு பாரிட்டி மட்டும் உள்ள குழு முழுவதுமே இழப்பாகும். ஒரே நாளில் வாங்கி, ஒரே அலமாரியில், ஒரே வெப்பத்தில் உழைத்த வட்டுகள் அடுத்தடுத்து ஓய்வது வியப்பன்று. வட்டுகள் பெரிதாகப் பெரிதாக, இரண்டு பாரிட்டிகளை வைத்து இரு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் ஆறாம் வகை ரெய்டு பரவியதற்குக் காரணம் இதுவே.

கண்ணாடி காக்காதவை

எனக்குத் தெரிந்த துணிக்கடை உரிமையாளர் ஒருவர், கடைக் கணக்குக்காக இரண்டு வட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டி வாங்கினார். இரண்டும் கண்ணாடிப் பிரதிகள். 'இனிக் கவலையில்லை' என்று தனிப் படி எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு மாலை, இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை நீக்கிய பணியாளர், நடப்பாண்டுக் கணக்கையும் சேர்த்து நீக்கிவிட்டார். பெட்டி தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது: அதே நொடியில் இரண்டாம் வட்டிலிருந்தும் அதை நீக்கியது. வட்டு எதுவும் பழுதாகவில்லை. கணக்கு மட்டும் இல்லை. விற்பனைச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரும் மனைவியும் மூன்று வாரம் இரவில் அமர்ந்து மீண்டும் பதிந்தார்கள். கடன் வாங்கிச் சென்ற சில வாடிக்கையாளர்களின் பாக்கி மட்டும் எந்தச் சீட்டிலும் இல்லை. அது போனது போனதுதான்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைக் கற்றிருக்கின்றன. 2011 பிப்ரவரி இறுதியில், ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டிகள் வெறுமையாகத் தோன்றின. சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த பிழை, வெவ்வேறு இடங்களில் இருந்த படிகளையும் பாதித்திருந்தது. இணைப்பில்லாமல் தனியே இருந்த காந்த நாடாக்களே அவற்றை மீட்டன. 2016 அக்டோபரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அணிவரிசையில் ஒரு பாகம் பழுதாயிற்று. வழக்கமான முறையில் அதை மாற்றிப் பொருத்தியபோது அணிவரிசை முழுவதும் செயலிழந்தது. தனிப் படி எடுக்கப்படாதிருந்த சில கோப்புகள் மீளவே இல்லை.

ரெய்டு, வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கிறது. தவறுதலான நீக்கம், மென்பொருள் பிழை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல், தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து காக்க அதனால் இயலாது. இதனால்தான் வங்கிகள் அணிவரிசையோடு நிறைவடையாமல், தொலைவில் உள்ள மற்றொரு மையத்துக்கும் தரவை அனுப்புகின்றன. அதற்கு மேலும் தனிக் காப்புப் படிகள் எடுக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

* முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் கடைக்கோ வீட்டுக்கோ வெளியே இருக்கட்டும்.
* ஒரு படி, எழுதி முடித்தபின் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டதாக இருக்கட்டும்.
* சேமிப்புப் பெட்டியில் ஒரு வட்டு பழுது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதலில் தனிப் படி எடுங்கள். பிறகு வட்டை மாற்றுங்கள்.
* மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்புப் படியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போன்றது.

துணிக்கடை உரிமையாளர் இப்போது சனிக்கிழமைதோறும் கடை அடைத்ததும் ஒரு சிறு வன்வட்டில் கணக்கைப் படியெடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்த இரண்டு வட்டுப் பெட்டியையும் அவர் தூக்கி எறியவில்லை. அதன் வேலை எது என்பதை இப்போது அறிந்திருக்கிறார்.