1955: குரூவில் ஒன்று, பாரிஸில் ஒன்று

ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கிளவுட், இங்கிலாந்து
சிட்ரோன் டிஎஸ் 19, பிரான்ஸ்

இடப்புறம் நிற்கும் சில்வர் கிளவுட் இங்கிலாந்தின் குரூ நகரில் உருவானது. தனிச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்தும் பழைய முறை, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். புதுமை அதிகமில்லை, வேலைப்பாட்டில் குறையுமில்லை. உள்ளே வால்நட் மரப்பலகையையும் தோல் இருக்கைகளையும் பாருங்கள்.

வலப்புறம் டிஎஸ். 1955 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகமான முதல் நாளிலேயே சுமார் 12,000 முன்பதிவுகள் குவிந்தன. வடிவம் தந்தவர் சிற்பியுமான ஃபிளமினியோ பெர்தோனி. எஞ்சின் வெறும் 1.9 லிட்டர், அதுவும் முந்தைய மாடலிலிருந்து வந்தது. இவ்வளவு அழகான காருக்கு அது போதாது. அதிசயம் சஸ்பென்ஷனில் இருக்கிறது. எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோக உருண்டை. அதனுள் நைட்ரஜன் வாயுவும் அழுத்தமேற்றிய எண்ணெயும். எஞ்சினைக் கிளப்பினால் கார் தானே எழும்பும். எத்தனை பேர் ஏறினாலும் அதன் உயரம் மாறாது. அதே எண்ணெய் அழுத்தம்தான் பிரேக், ஸ்டியரிங், கியர் மூன்றுக்கும் துணை. 1962-இல் பாரிஸ் அருகே பெத்தி-கிளமாரில் பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் பஞ்சரான நிலையிலும் அவருடைய டிஎஸ் நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது.

1965-இல் சில்வர் கிளவுடின் வாரிசாக சில்வர் ஷேடோ வந்தது. அதன் உயரத்தைச் சீராக்கும் ஹைட்ராலிக் அமைப்பு, சிட்ரோனிடம் உரிமம் பெற்றுச் செய்தது.