இலங்கைச் சுற்றுலாவும் வாடகைக் காரும்: நோயாளர் குடும்பங்களுக்குச் சில செய்திகள்

இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமபிரான் அயோத்தியாப்பட்டணத்தில் தங்கினார் என்பது இவ்வூர்க் கோதண்டராமர் கோயிலின் தல வரலாறு. அந்த இலங்கைக்கு இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் சுற்றுலா செல்வது இன்று அரிய செய்தி அன்று. நாமக்கல் வழியே திருச்சி சென்றால், அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர விமானப் பயணம்தான். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள சீதையம்மன் கோயில், கண்டி, திருகோணமலைக் கோணேசுவரம் ஆகியவற்றைக் காணப் புறப்படுவோர், மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க வரும்போது எங்களிடம் தவறாமல் ஒரு கேள்வியையும் கேட்கின்றனர்: “அங்கே கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா?”

வாடகைக் கார் நோயாளருக்கு மிகவும் ஏற்ற ஊர்தி என்பதே எங்கள் கருத்து. குழுச் சுற்றுலாப் பேருந்து, அதை நடத்துபவர் விரும்பும் இடத்தில் நிற்கும். சொந்தமாக அமர்த்திய காரோ நம் உடல் கேட்கும் இடத்தில் நிற்கும். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவருக்கும், மூட்டு வலியால் கால்களை நீட்ட வேண்டியவருக்கும், வேளை தவறாமல் உண்ண வேண்டிய நீரிழிவாளருக்கும் இது பெரிய வசதி. ஆயினும் கார் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. அதை யார் ஓட்டுவது என்பது வேறு கேள்வி. நம் குடும்பங்களில் ஸ்டியரிங் பெரும்பாலும் வீட்டுத் தலைவரிடமே இருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஸ்டென்ட் ஆகியவையும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்! எனவே இரண்டாவது கேள்விக்குரிய விடையைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறலாம். அது ஓராண்டு வரை செல்லும். இலங்கையில் இதனோடு அந்நாட்டு அதிகாரிகளின் அனுமதியும் தேவை. வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி வழங்கும் பிரிவு ஒன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்பதைக் கார் தரும் நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிக. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் செல்ல வேண்டும். தாய்லாந்து, மலேசியா, மொரீசியசு நாடுகளிலும் அவ்வாறே. இவ்வகையில் நம்மவருக்குக் குழப்பமில்லை.

இனி உடலைப் பற்றிப் பேசுவோம். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும் ஓட்டும்போது அஞ்ச வேண்டியது சர்க்கரை உயர்வதை அன்று, திடீரெனத் தாழ்வதையே. பயணத்தில் உணவு தள்ளிப்போகும். கோயில் படிகளில் ஏறி இறங்குவதால் வழக்கத்தைவிட உழைப்பு கூடும். ஊசியும் மாத்திரையும் மட்டும் வழக்கமான அளவிலேயே இருக்கும். தாழ்சர்க்கரையின் முதல் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு. கொழும்பின் புழுக்கத்தில் எல்லார்க்கும் வியர்க்கும். மலைச்சாலையில் ஓட்டும் எவர்க்கும் படபடக்கும். ஆகவே அறிகுறியை நம்பியிருத்தல் கூடாது. குளுக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, புறப்படும் முன்பும் ஓட்டும்போது இரண்டு மணிக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டே ஓட்ட வேண்டும். 70-க்குக் கீழ் இறங்கினால் காரை ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை உட்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அளவு சீரான பின்னரும் முக்கால் மணி நேரம் ஓட்டுதல் ஆகாது. இரத்தத்தில் சர்க்கரை சீரானாலும், மூளை தெளிவு பெறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இன்சுலினைப் பற்றி ஒரு சொல். சேலத்து வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே எவ்வளவு கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கடற்கரை வெயிலிலும் அதே நிலைதான். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவை 30 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற விடாமல் காக்க வேண்டும். காரின் முன்தட்டிலோ டிக்கியிலோ வைத்தால் சில மணி நேரத்திலேயே அது வீரியம் இழக்கக்கூடும். இறங்கும்போதெல்லாம் பையோடு உடன் எடுத்துச் செல்க. விமானத்திலும் கைப்பையிலேயே இருக்கட்டும். சரக்குப் பகுதியின் குளிரில் அது உறைய நேரலாம். ஊசி வேளையைப் பற்றிக் கவலை வேண்டா. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே. மலேசியா செல்வோர் இரண்டரை மணி நேர வேறுபாட்டை எங்களிடம் கேட்டு வேளையை மாற்றியமைத்துக்கொள்ளலாம்.

நோயினும் மருந்துகள் சிலவற்றால் ஓட்டுநருக்கு ஆபத்து மிகுதி. கால் எரிச்சலுக்குத் தரப்படும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். சளிக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் குளோர்பெனிரமின் கலந்த மருந்துகள். வாந்தி வராமலிருக்கப் பேருந்து ஏறும் முன் விழுங்கும் மாத்திரைகள் ஆகிய அனைத்தும் தூக்கம் தருவன. ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகச் சென்றாலே தலைசுற்றும் என்பவர் நம்மில் பலர். இரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் சாலையும் வளைவுகள் நிறைந்ததே. வாந்தி மாத்திரையைப் பயணிகள் உட்கொள்ளட்டும். ஓட்டுபவர் உட்கொள்ளுதல் கூடாது. வளைவுச் சாலையில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தலைசுற்றுவதில்லை என்பது இயற்கை தந்த ஒரு சலுகை.

வலிப்பு நோயுள்ளவருக்கு நம் நாட்டில் சட்டமே ஓட்டுநர் உரிமம் தருவதில்லை. வெளிநாட்டுச் சாலையில் “கொஞ்ச தூரம்தானே” என்று விதிவிலக்குத் தேடுதல் வேண்டா. மார்பெலும்பைத் திறந்து பைபாஸ் அறுவை செய்துகொண்டவர், எலும்பு கூடும்வரை, அதாவது சுமார் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டுதல் கூடாது. பின் இருக்கையில் அமர்ந்தாலும் சீட் பெல்ட் அணிய வேண்டும். உறுத்தினால் நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

மலையைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஏற்காட்டில் மூச்சு வாங்காமல் நடமாட முடிந்தவர்க்கு நுவரெலியா பெரும்பாலும் இடர் தாராது. ஐயமுள்ள இதய, நுரையீரல் நோயாளர் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்தால் சோதித்துச் சொல்கிறோம்.

மலையைவிட எங்களுக்குக் கவலை தருவது புழுக்கம். நம் சமவெளியின் வெயில் வறண்டது. வியர்வை உடனே காய்ந்து உடலைக் குளிர்விக்கும். கடல் சூழ்ந்த நாட்டின் ஈரக் காற்றில் வியர்வை வழிந்தோடுமேயன்றிக் காயாது. உடல் குளிராது, நீர் மட்டும் குறையும். இந்நிலையில் நம் தாய்மார்கள் செய்யும் ஒன்று சிறுநீரகத்தைப் பெரிதும் வருத்துகிறது. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்று அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீரே அருந்தாமல் அமர்ந்திருப்பார்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர் இவ்வாறு இருந்தால் எழுந்து நிற்கையில் மயங்கி விழலாம். நீரிழிவுள்ள பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் வரும். சொந்தமாக அமர்த்திய கார் இதற்குத்தானே! இரண்டு மணிக்கு ஒருமுறை எரிபொருள் நிலையத்திலோ உணவகத்திலோ நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டா. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் காலில் இரத்தம் உறையும் இடரும் குறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணத்தில் அவ்விடர் கூடுகிறது. இதயச் செயலிழப்புக்காக நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் மட்டும், பயணத்தில் எவ்வளவு அருந்தலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்க.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, எங்கள் நோயாளர் குடும்பங்களுக்கு நாங்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது ஓட்டுநருடன் கூடிய வாடகைக் காரையே. இலங்கைச் சுற்றுலாவில் அதுவே பெருவழக்கும்கூட. அங்குள்ள தமிழில் ஓட்டுநரைச் ‘சாரதி’ என்பர். காதுக்கு இனிய சொல். தமிழ் பேசும் சாரதி வேண்டும் என முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். அவருக்கு வழி தெரியும். வைத்தியசாலை எங்கே என்பதும் தெரியும். செலவு சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆயினும் சுயமாக ஓட்டும் காருக்கு முன்பணம் கட்டி, ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, காப்பீட்டுத் தாளின் சிறிய எழுத்துகளைப் படித்து, இரவெல்லாம் விழித்து விமானம் ஏறி வந்த களைப்போடு புதிய ஊரின் நெரிசலில் நுழைவதைக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு பெரிதன்று. உடல்நலமுள்ள மகனோ மகளோ ஓட்டுவதானால் எங்களுக்கு மறுப்பில்லை. இறங்கிய நாளன்று மட்டும் விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கி உறங்கிவிட்டு, மறுநாள் விடிந்தபின் காரைப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாரதி ஓட்டினாலும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை சில உண்டு. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வைத்துக்கொள்க. பயணக் காப்பீடு எடுக்கையில் ஏற்கனவே உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த நோய்க்கான செலவைக் காப்பீடு ஏற்காது. இலங்கையில் அவசர ஆம்புலன்சுக்கு 1990 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்திய அரசின் நிதியுதவியுடன் 2016-இல் தொடங்கப்பட்ட ‘சுவ செரிய’ என்னும் கட்டணமில்லாச் சேவை அது. தாய்லாந்து செல்வோர் 1669-ஐயும், மலேசியா செல்வோர் 999-ஐயும் கைபேசியில் பதிந்துகொள்க.

இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. டெங்கு இன்னும் உள்ளது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. காரின் கண்ணாடியைத் திறந்து வைத்து நிழலில் இளைப்பாறும்போது முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் உதவும். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ வாங்கி விழுங்காமல், பாராசிட்டமால் மட்டும் உட்கொண்டு, அன்றே மருத்துவமனைக்கு வருக. இதயத்துக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உட்கொள்பவர் அதைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் கேட்க வேண்டும். வந்ததும், எந்த நாட்டுக்குச் சென்றீர்கள், என்று திரும்பினீர்கள் என்பதைப் பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள்.