பிரெஞ்சு நாட்டுப்புறத்துக்கு இருவராகக் காரில்

நம்மவருள் பலருக்குப் பிரான்சு என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் லாச்சப்பல். உறவினர் வீட்டுத் திருமணம், மாணிக்க விநாயகர் ஆலயத் தேர், இரண்டு சேலைக்கடை, அதன் பின் இரவோடிரவாகக் கலேயை நோக்கிய ஓட்டம். இருபது, முப்பது ஆண்டுகளாக இந்த ஒரே பாதையில் போய் வந்த தம்பதியரை எனக்குத் தெரியும். அந்த நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருக்கும் நாட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டால், "வயல் இருக்கிறது" என்பார்கள்.

பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. இந்த வயதில் கணவனும் மனைவியும் தனியாகக் காரில் பத்து நாள் போய் வரலாமா என்று என்னிடம் மருந்துச் சீட்டு எழுத வருபவர்கள் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "நடுவழியில் உங்களுக்குச் சுகமில்லாமற் போனால், அம்மா காரை ஓட்டுவாவா?" பெரும்பாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கவலை தருவது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப் போய் வந்த ஒரு தம்பதியர் பின்னர் என்னிடம் வந்தனர். கணவருக்கு நீரிழிவு, இன்சுலின் போடுபவர். நம் வழக்கப்படி இரண்டரை மணிக்குச் சாப்பிடலாம் என்று ஒரு கிராமத்தில் காரை நிறுத்தினார்கள். பிரெஞ்சு நாட்டுப்புற உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணியோடு முடிந்துவிடும். பிறகு சமையலறையைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த ஊரில் பார்ப்போம் என்று மீண்டும் காரில் ஏறும்போதே அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கிற்று. குருதியில் சீனி இறங்கிவிட்டது. குளுக்கோஸ் டப்பா காரின் பின்பெட்டியில் எந்தப் பையில் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் தெரியாது. சாரதி அனுமதிப்பத்திரம் அவவிடமும் இருந்தது, முப்பது ஆண்டுகளாக. ஆனால் காப்புறுதியில் கணவரின் பெயர் மட்டும். பேக்கரியில் நின்ற ஒரு பெண்மணி இனிப்புப் பானம் கொண்டு ஓடிவந்ததால் அவர் தெளிந்தார். மாலைவரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

ஆகவே தம்பதியரின் பயணத் திட்டம் என்பது எந்தக் கோட்டையைப் பார்ப்பது என்பதில் தொடங்குவதில்லை. இருவரில் எவர் படுத்தாலும் மற்றவர் காரையும் மருந்தையும் கடதாசிகளையும் கையிலெடுத்து வீடு வந்து சேர முடியுமா என்பதில் தொடங்குகிறது. காப்புறுதியில் இரு பெயரும் இருக்கட்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இருவருடைய நோய்களையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வார இறுதிகளில் மனைவி மோட்டார்வேயில் ஓட்டிப் பழகட்டும், கணவர் பக்கத்தில் வாய் திறவாமல் இருக்கட்டும். (இரண்டாவது பகுதிதான் கடினம் என்று என் வீட்டில் சொல்கிறார்கள்.)

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் கார்களில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார்; பிரான்சில் வீதியின் வலப்பக்கத்தில் ஓட வேண்டும். ஆதலால் சாரதியின் கண்ணுக்குத் தெரிவது வீதியோரத்துப் புல். நடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர் மனைவி. முன்னால் ஓர் உழவு இயந்திரம் ஊர்ந்தால் எதிரே லொறி வருகிறதா என்று முதலில் காண்பவர் அவரே. கட்டண நெடுஞ்சாலையில் சீட்டு எடுப்பதும் பணம் கட்டுவதும் இடப்பக்க யன்னலால். அதுவும் மனைவியின் கையால். கணவர் வாகனம் ஓட்ட, மனைவி கண்ணயர்ந்து வரும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

வீதி விதிகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 130 கிலோ மீற்றர், மழையில் 110. நடுவில் தடுப்பில்லாத நாட்டுப்புற வீதிகளில் 2018 ஜூலை முதல் 80; சில மாவட்டங்கள் சில வீதிகளில் அதை மீண்டும் 90 ஆக்கியிருக்கின்றன. ஊரின் பெயர்ப் பலகையைக் கண்டதும் 50 என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அங்கே எண் எழுதியிருக்காது. அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. குறியீடு ஏதுமில்லாத சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கே முன்னுரிமை. ஒரு சிறு சந்திலிருந்து கிழவர் ஒருவர் பழைய வானைத் திரும்பிப் பாராமல் வீதியில் இறக்குவார், சட்டம் அவர் பக்கம். பெற்றோல் நிலையத்தில் 'கஸ்வால்' என்று எழுதியிருப்பது டீசல். ஒளிரும் மேலங்கியும் முக்கோணமும் காரில் இருக்க வேண்டும். மேலங்கி பின்பெட்டியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில். கட்டண நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் நம் காப்புறுதிக்காரர் வந்து இழுத்துச் செல்ல இயலாது. தடுப்புக்கு அப்பால் ஏறி நின்று, அங்குள்ள செம்மஞ்சள் தொலைபேசியில் பேச வேண்டும். அனுமதி பெற்ற இழுவை வண்டி வரும்.

பிரித்தானியக் கடவுச்சீட்டு, பிரான்சுக்குள் நுழையும் நாளன்று பத்து ஆண்டுக்கு உட்பட்டதாயும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாயும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் தொடங்கிய புதிய எல்லை முறையில் கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், நேரம் பிடிக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

இனி மருந்து. எல்லா மருந்தையும் ஒரே பிளாஸ்திக் பெட்டியில் கொட்டிக்கொண்டு போகும் பழக்கம் வேண்டாம். கடையில் தந்த பெட்டியோடு, மருந்தின் வேதிப் பெயர் தெரியும்படியான சீட்டின் பிரதியோடு, போகும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். பிரெஞ்சு மருந்தாளர் நம் நாட்டு வணிகப் பெயரை அறியமாட்டார். வேதிப் பெயரைக் கண்டால் உடனே புரிந்துகொள்வார். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை திறந்திருக்கிறது. அவசர எண் 112. நேரே வைத்திய அவசரத்துக்கு 15. இவ்விரண்டையும், தங்கும் வீட்டின் முகவரியையும் ஓர் அட்டையில் எழுதி முன்கண்ணாடி அருகே ஒட்டிவிடுங்கள். தேசிய சுகாதார சேவை தரும் ஜிஹிக் அட்டை ஆளுக்கொன்று வேண்டும். அது இலவசம், ஆனால் பயணக் காப்புறுதிக்கு ஈடல்ல.

இன்சுலின் போடுவோருக்குப் பிரித்தானியச் சாரதி அனுமதி அலுவலகம் வகுத்த விதி அங்கேயும் உதவும்: ஓட்டத் தொடங்குமுன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை, ஓடும்போது இரண்டு மணிக்கொரு முறை குருதிச் சீனியைப் பார்க்க வேண்டும். 5க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழே இருந்தால் ஓட்டலாகாது. சீனி ஏறிய பின்னும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். குளுக்கோஸ் முன் இருக்கையருகே இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினை விடாதீர்கள். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய பன்னிரண்டு நமக்குப் பதினொன்று. வயிறு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பன்னிரண்டரைக்கு உணவகத்தில் அமர்ந்துவிடுவதே நல்லது.

சைவ உணவுக்காரருக்குப் பர்கண்டி எளிதான இடமல்ல. மாட்டிறைச்சியை வைனில் வேகவைப்பதும் நத்தையும் அவ்வூர்ப் பெருமை. பச்சைச் சாலட் என்று கேட்டாலும் மேலே பன்றித் துண்டு தூவி வரும். "ஸான் வியாந்து, ஸான் புவாஸோன்" - இறைச்சியில்லாமல், மீனில்லாமல் - என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதனால்தான் சமையலறையுள்ள 'ஜீத்' வீடுகளை வாடகைக்கு எடுப்பது நமக்குப் பொருந்தும். கோடையில் பெரும்பாலும் சனிக்குச் சனி என்று ஒரு கிழமைக்கே தருவார்கள். இங்கிருந்து அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம். தயிர், நெய், பால் சேர்ந்த இனிப்பு எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்ல அனுமதியில்லை, இறைச்சியும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. ஆனால் சான்றிதழின்றிக் கொண்டுபோகத்தக்க பழங்கள் ஐந்தில் தேங்காயும் வாழைப்பழமும் இருக்கின்றன என்றறிந்தபோது, "இஞ்சாருங்கோ, திருவலைக்கட்டையை எடுத்து வையுங்கோ" என்றார் என் மனைவி. காலைச் சந்தையில் வாங்கிய போஞ்சியும் வீட்டுச் சம்பலும் சுடச்சுடப் பாணுமாக நாங்கள் உண்ட உணவுக்கு எந்த உணவகமும் ஈடாகாது.

பாதைக்கு வருவோம். கலேயிலிருந்து பர்கண்டியின் போன் நகரம் சுமார் 600 கிலோ மீற்றர். நம் இளைஞர்கள் ஒரே மூச்சில் ஓடிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு நாளுக்கு மூன்று மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்வது நன்று, அதிலும் இரண்டு மணிக்குள் ஒரு முறை இறங்கிக் கால் நடக்க வேண்டும். நெடுநேரம் முழங்கால் மடித்திருந்தால் காலின் ஆழ்நாளத்தில் குருதி உறையும். விமானத்துக்கு மட்டுமான அபாயமல்ல அது. ஃபோக்ஸ்டனில் ரயிலேறினால் 35 நிமிடத்தில் அக்கரை. முதலிரவு அராஸ், மறுநாள் ரான்ஸ், மூன்றாம் நாள் த்ருவா வழியாகத் தொனேர் என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம். த்ருவாவில் கட்டண நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பயணத்தின் குணமே மாறிவிடுகிறது.

தொனேர் சிறிய ஊர். அங்கே 1293-இல் சிசிலி மன்னரின் விதவையான மார்கரீத் அரசி கட்டிய வைத்தியசாலையின் கூடம் இன்றும் நிற்கிறது. சுமார் 90 மீற்றர் நீளம், மேலே முழுவதும் மரக்கூரை. தூணே இல்லாத அந்தக் கூடத்தில் நின்றபோது, இத்தனை நோயாளரை ஒரே கூரையின் கீழ் கிடத்திப் பார்க்க எழுநூறு ஆண்டுக்கு முன் ஒரு பெண் எண்ணினாளே என்று வியந்தேன். சற்று நடந்தால் 'ஃபோஸ் தியோன்' என்னும் ஊற்று: பச்சை நீல நீர், அதைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய வட்டமான துணி துவைக்கும் துறை. நம் ஊர்க் கேணியடி நினைவு வராமற் போகாது.

அங்கிருந்து மொன்பார் வரையிலான வீதி பர்கண்டிக் கால்வாயை ஒட்டிச் செல்கிறது. 1832-இல் முழுவதும் திறக்கப்பட்ட 242 கிலோ மீற்றர்க் கால்வாய் அது, 189 மதகுகள். மதகருகே காரை நிறுத்தி, படகு ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். அரை மணி போய்விடும், போகட்டும். பின்னர் செமூர், பாறை மேல் நான்கு கோபுரங்களுடன். வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளிகள்.

வெஸலே நம்மவர் அவசியம் போக வேண்டிய குன்று. உச்சியிலுள்ள தேவாலயத்தைப் பார்க்க உலகமே வருகிறது. நாங்கள் தேடிப் போனது அதற்குக் கீழேயுள்ள ஒரு வீட்டை. 1915-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ரோமெய்ன் ரோலண்ட் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1944 டிசம்பரில் மறைந்த வீடு அது. இப்போது ஓவியக் கூடமாக இருக்கிறது. இராமகிருஷ்ணர் வரலாற்றை 1929-லும் விவேகானந்தர் வரலாற்றை அடுத்த ஆண்டிலும் வெளியிட்டவர் அவர். சுவிட்சர்லாந்தில் அவர் வாழ்ந்தபோது 1931-இல் காந்தியடிகள் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். இந்தியாவுக்கு ஒருமுறையும் போகாதவர்! வீதி செங்குத்தானது, முழங்கால் நோவுள்ளவர்கள் கைத்தடியை மறவாதீர்கள்.

போன் நகரத்து 'ஒத்தேல் தியூ' வைத்தியசாலை ஒரு தம்பதியர் சேர்ந்து எழுப்பியது. பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கொலா ரொலானும் அவர் மனைவி கிகோனும் 1443-இல் அதை நிறுவினர். 1452-இன் முதல் நாளன்று முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். 1971 வரை அங்கே நோயாளர் இருந்திருக்கிறார்கள். படுக்கையிலிருந்தபடியே பீடத்தைப் பார்க்கும்படி கட்டில்களை இரு வரிசையாக அமைத்திருக்கிறார்கள். தரையோடுகளில் இருவருடைய முதலெழுத்துகளும் பின்னிக் கிடக்கின்றன. பக்கத்தில் 'ஒருத்தியே' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். கணவர் 1462-இல் இறந்தபின் கிகோன் அந்த வைத்தியசாலைப் பணியிலேயே இருந்து 1470-இல் மறைந்தார். அவரது சமாதியும் அங்கேதான்.

போனிலிருந்து திரும்பும்போது முதல் நூறு கிலோ மீற்றரை என் மனைவியே ஓட்டினார். நான் சீட்டு எடுத்தேன், பணம் கட்டினேன், லொறி வருகிறதா என்று பார்த்துச் சொன்னேன்.

திரும்பும் வழிக்கு இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் ஊர்க் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சனியன்றே பாணும் பாலும் வாங்கிவிட வேண்டும். எங்கள் வழிக் குறிப்பையும், தமிழ் எழுத்தில் எழுதிய முப்பது பிரெஞ்சுச் சொற்களையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நவராத்திரி நாட்களில் மண்டபத்தில் என் மனைவியிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இருவராக வந்து கேட்டால்தான் கொடுப்பாராம்.