கல்மண்டபத்தில் நகராத ஒரு ரயில் பெட்டி

கல்மண்டபத்தில் பேருந்தை விட்டு இறங்கி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒரு சந்துக்குள் நுழைந்தால், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், முருங்கை மரத்தடியில் ஒரு ரயில் பெட்டி நிற்கிறது. சக்கரம் இல்லை. தண்டவாளம் இல்லை. 16 அடி நீளம், 8 அடி அகலம். துரு நிறச் சிவப்பு பூசிய மரச்சுவர், பக்கத்துக்கு 6 ஜன்னல், வளைந்த கூரை. மாலை 6 மணிக்கு மேல் 24 பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் அதை நாங்களே கையால் கட்டினோம்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கட்டும்போது மரத்தைப் பற்றிக் கற்றதைவிடச் சாதியைப் பற்றிக் கற்றது அதிகம். இரண்டையும் வாசகர்களோடு, குறிப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஏன் ரயில் பெட்டி?

எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகள் ஒற்றை அறை. அதில்தான் சமையல், உறக்கம், விருந்தாளி, தொலைக்காட்சி எல்லாம். புத்தகத்தை விரித்து வைக்க ஒரு பலகை கிடையாது. பல ஆண்டுகளாகத் தெருவிளக்கடியிலும் மாடிப்படியிலும்தான் மாலை வகுப்பு நடத்தி வந்தோம். ஒரு ஆயா தன் வீட்டுப் பின்கட்டைக் காட்டி, "இந்த எடத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்? புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். அவர் கணவர் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் கலாசியாக வேலை பார்த்து மறைந்தவர். "ஷெட்டு போடுறதுன்னா ரயிலு மாதிரி போடுங்க. அவரு ஆயுசு பூரா பெட்டிக்குத்தான் ஒழைச்சாரு" என்று அவர்தான் சொன்னார்.

சொன்னவுடன் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று பொதுமக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது எங்கள் ராயபுரத்திலிருந்துதான். வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர். சென்ட்ரல் நிலையம் 1873-இல்தான் வந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் பிரதமர் நேரு ஐ.சி.எஃப். தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். நாடு முழுக்க ஓடிய பெட்டிகள் அங்கே உருவாயின. முதல் ரயிலைத் திறந்துவைத்த ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மண் சுமந்தவர்கள், ஜல்லி உடைத்தவர்கள், மரம் இழைத்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள்.

ரயில் பெட்டியில் படிப்பது புதிய யோசனையும் அல்ல. ஜப்பானின் டோக்கியோவில் 1937-இல் சோசாகு கோபயாஷி என்ற ஆசிரியர், ஓடி முடித்த ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக்கி 'டோமோயே' பள்ளியை நடத்தினார். 1945 குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. அங்கே படித்த டெட்சுகோ குரோயானாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ-சான்' நம் மாணவர்கள் பலருக்குத் தமிழில் தெரிந்த நூல். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஷோர்ஹாம் என்ற ஊரில் கழித்துக்கட்டிய பெட்டிகளை வாங்கிச் சாதாரணக் குடும்பங்கள் கடலோர வீடுகளாக மாற்றிக்கொண்டன. நம் மாநிலத்திலும் சில அரசுப் பள்ளிகள் வகுப்பறைச் சுவரை ரயில் போலத் தீட்டியிருக்கின்றன. பழைய பெட்டியை வாங்க எங்களிடம் பணமில்லை. வாங்கினாலும் அந்தச் சந்துக்குள் நுழையாது. ஆகவே கட்டவேண்டியதாயிற்று.

மரமும் கணக்கும்

துறைமுகம் பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. சரக்கு வந்திறங்கும் மரத்தட்டுகள், பேக்கிங் பெட்டிகள் பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தட்டுகளில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது; எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது. பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு அது வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். ஆணி பிடுங்கி, இழைப்புளி போட்டு, பலகையாக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

உட்காரும் அமைப்பை உண்மையான தூங்கும் வசதிப் பெட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு தடுப்புக்கு 8 பேர், 9 தடுப்பு, மொத்தம் 72 படுக்கை. எங்களுடையதில் 3 தடுப்பு. ஒரு பக்கம் எதிரெதிராக மூவர் மூவர் அமரும் பலகை, நடுவில் 2 அடி வழி, மறுபக்கம் ஜன்னலோரமாக இரண்டு தனி இருக்கை. ஆக 24 பேர். அசல் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு.

கூரையின் வளைவுதான் கடினம் என்று பயந்தோம். காசிமேட்டில் படகு கட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்து, "படக கவுத்துப் போட்டா கூரை. இதுல இன்னா கஷ்டம்?" என்று சிரித்தார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தரையில் கணக்குப் போட்டாள். அகலம் 8 அடி. அதில் பாதி 4. நடுவில் உயரம் 1 அடி. நான்கின் வர்க்கம் 16, ஒன்றின் வர்க்கம் 1, கூட்டினால் 17. உயரத்தின் இரட்டிப்பான 2-ஆல் வகுத்தால் எட்டரை. எட்டரை அடிக் கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் சாக்பீஸ் வைத்து இழுத்தோம். தரையில் கூரையின் வில் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் நாண், வில் என்று படித்தது இதுதானா என்று பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். அந்தக் கோட்டின்மேல் பிளைவுட் துண்டுகளை வைத்து அறுத்து, படகின் விலா எலும்பு போல இரண்டிரண்டாக ஒட்டி 8 வில்கள் செய்தோம்.

இங்கே ஒரு தவறும் நடந்தது. 8 அடி அகலத்துக்கு 4 அடிப் பலகை இரண்டு போதும் என்று நாங்கள் வாங்கி வந்துவிட்டோம். "வளைவு நேர்கோட்டைவிட நீளம் அண்ணா, பத்தாது" என்று அந்த மாணவி முன்பே சொல்லியிருந்தாள். பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. வில்லின்மேல் கயிற்றைப் பதித்து அளந்தபோது 8 அடி 4 அங்குலம். தூவானத்துக்குப் பக்கத்துக்கு 3 அங்குலம் நீட்டவும் வேண்டும். ஆக 10 அங்குலம் குறைந்தது. இரண்டு ஓரத்திலும் 5 அங்குலப் பட்டை ஒட்டுப்போட்டோம். அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது. பெண்பிள்ளை சொன்ன கணக்கைக் கேட்காததன் அடையாளமாக அதை மறைக்காமல் விட்டிருக்கிறோம்.

அந்தக் காலத்து மரப்பெட்டிகளின் கூரைக்குப் பலகைமேல் கித்தான் துணி ஒட்டி வண்ணம் பூசுவார்கள். நாங்கள் பெரியவரின் சொல்படி, படகுக்குப் போடுவது போல ஃபைபர் மேட்டும் ரெசினும் இரண்டு பூச்சு போட்டோம். ரெசினின் நெடி கடுமையானது. கையுறை, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. அந்த இரண்டு நாளும் பிள்ளைகளை அருகே விடவில்லை. மொத்தச் செலவு 38 ஆயிரம் ரூபாய். கூலி கொடுத்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

"பெருக்குறது யாரு?"

பெட்டி தயாரான அன்று மாலை, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். அவள் அம்மா ஒப்பந்த அடிப்படையில் ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலைக்குப் போகிறவர். ஏன் நிற்கிறாய் என்றோம். "அண்ணா, பெருக்குறது யாரு? நானா?" என்று கேட்டாள். அவள் முன்பு படித்த ஒரு பள்ளியில் துடைப்பத்தை எடு என்றால் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வார்களாம். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

அதே வாரத்தில் இன்னொன்று. யாரோ ஒரு பையன் முதல் தடுப்பில் சாக்பீஸால் 'முதல் வகுப்பு' என்று எழுதிவைத்தான். விளையாட்டு என்று சிரித்தோம். மறுநாள் பார்த்தால் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். "அந்தத் தெருக்காரங்க அந்தாண்ட ஒக்காரட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தானாக யோசித்திருக்க முடியாது. வீட்டிலிருந்து வந்த சொல் அது. நாங்கள் கையால் இழைத்த பெட்டிக்குள் சாதியும் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டது.

அன்று பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கதை சொன்னோம். 1901-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், அண்ணனோடும் மற்ற பிள்ளைகளோடும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்க்க ரயில் ஏறினான். ரயிலில் ஒரு தொல்லையும் இல்லை. மசூர் என்ற நிலையத்தில் இறங்கி, அழைத்துப்போக ஆள் வராமல் நின்றார்கள். நிலைய அதிகாரி அன்பாக விசாரித்தார். மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப்போனார். எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டுகிறோம் என்ற பிறகுதான் ஒருவர் சம்மதித்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் கூடவே நடந்து வந்தார். அந்தச் சிறுவன்தான் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

நம் ஊர் நிலையங்களும் சளைத்தவை அல்ல. ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் அவர் இயக்கமும் போராடி 1941-இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. பலகை இறங்கிய பிறகும் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளிய கைகள் மாறவில்லை. கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இலும் 2013-இலும் வந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் இந்த வேலையை ஒழிக்கக் காலக்கெடு வைத்துத் திட்டம் போடுமாறு ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டிகளில் இப்போது உயிரிக் கழிப்பறை வந்துவிட்டது. துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களின் தெரு மட்டும் மாறவில்லை.

கதை முடிந்ததும் பையன்களில் ஒருவன் எழுந்துபோய் 'முதல் வகுப்பு' என்ற எழுத்தை ஈரத்துணியால் துடைத்தான். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு வீட்டார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிள்ளை மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தான். இன்னொருவன் வரவில்லை. அவன் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

கதவில் ஒட்டிய சார்ட்

அதன்பின் ரயிலிடமிருந்தே இன்னொரு வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமைதோறும் கதவில் ஒரு சார்ட் ஒட்டுகிறோம். யார் எந்த இருக்கை என்று அதில் இருக்கும். ஒவ்வொரு தடுப்பிலும் 8 இருக்கையில் 4 ஜன்னலோரம். ஒரு வாரம் ஜன்னலோரம் அமர்ந்தவர் மறுவாரம் உள்ளே வரவேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பலகையில் சேராதபடி பெயர்கள் கலந்திருக்கும். அதற்குக் கீழே பெருக்குபவர் பெயர். முதல் நான்கு வாரம் வகுப்பு நடத்தும் பெரியவர்களின் பெயர்களையே போட்டோம். ஐந்தாம் வாரத்திலிருந்து அகரவரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும். அந்தச் சிறுமியின் பெயர் அகரவரிசையில் எங்கே வருமோ அங்கேதான் வந்தது. அதற்கு முன்னால் 17 பேர் துடைப்பம் பிடித்திருந்தார்கள். அதில் முக்கால்வாசி ஆண்பிள்ளைகள்.

மாலை வகுப்பு என்பது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. அருந்ததியர் தலைவர் எல்.சி.குருசாமி இதே சென்னையில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916-இல் நந்தனார் கல்விக்கழகம் தொடங்கினார். அந்த நீண்ட வரிசையில் இது ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவே.

கடைசியாக ஒன்று. இந்தப் பெட்டியில் சுவரும் கூரையும் சேரும் இடங்களில் ஆணி அடிக்கவில்லை. எல்லாம் துருப்பிடிக்காத பூச்சுள்ள நட்டு போல்ட்டு. கூரையும் 8 அடி வீதம் இரண்டு துண்டு. நடுவில் இணைத்து ரப்பர் பட்டை போட்டிருக்கிறோம். கடல்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வடசென்னையில் எங்களைப் போன்றவர்களுக்கு எந்த இடமும் நிரந்தரம் இல்லை. சென்னையின் எத்தனையோ கரையோரக் குடியிருப்புகள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தெறியப்பட்டதைப் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு நாள் வந்தால், ஸ்பேனரை எடுத்து ஒரே நாளில் கழற்றி, பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு போய், போகும் இடத்தில் மறுபடி மாட்டிவிடலாம். எந்தப் பலகை எங்கே என்று பிள்ளைகள் எண் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் மழையில் நடு இணைப்பில் மட்டும் கொஞ்சம் ஒழுகியது. ஆயா உள்ளே ஒரு குண்டானை வைத்துவிட்டு, "அவரு கட்டுன ரயிலும் மழைக்கு ஒழுகும்" என்றார். அந்தச் சிறுமிக்கு அந்த வாரம் ஜன்னலோர இருக்கை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, முருங்கையிலிருந்து சொட்டும் தண்ணீரில் கையை நீட்டியபடி, கணக்கு நோட்டைத் திறந்தாள்.